வண்டி வாங்கும் முன்

அன்புள்ள மருமகன்,

மட்டக்களப்பில் நண்பர்களோடு சேர்ந்து பார்சல் விநியோகம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். சுற்றாடலுக்குக் கேடு வராமலிருக்க மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்கலாம். அதற்கு முன் வீண் ஓட்டத்தைக் குறைக்கப் பழகு.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் முதலில் கிடைத்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் அந்தக் கணக்கை மனதில் வைத்துத் தொழில் செய்.

நம் ஊரைப் பார். புளியந்தீவைச் சுற்றி வாவி. கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவிலும் வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் பயணம் இலகுவாயிற்று. ஆனாலும் கரை மாறும் ஒவ்வொரு தடவையும் நேரமும் எரிபொருளும் செலவுதான். கல்லடியில் கோயிலுக்குப் பின்னால் இரண்டாம் ஒழுங்கை, நீலக் கேற் என்று விலாசம் தேடிப் போகிறாய். வீடு பூட்டிக் கிடக்கிறது. அதே பார்சல் திரும்பவும் பாலம் ஏறுகிறது, நாளைக்கு மறுபடியும் வருகிறது. ஒரு பார்சலுக்கு இரட்டைப் புகை.

ஆகவே, முதல்நாள் மாலையே தொலைபேசியில் கேட்டு, ஆள் இருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள். காலையில் ஒரு கரை, பின்னேரம் மறு கரை என்று பிரி. ஒழுங்கைக்கு ஒரு பலசரக்குக் கடையோடு பேசி, சிறு கூலி கொடுத்து, பார்சல்களை அங்கே வை. பாண் வாங்க வருபவர் எடுத்துப் போவார். படுவான்கரையிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பாதே. அங்குள்ளவர்கள் நகருக்கு அனுப்பும் பொருட்களை ஏற்றி வா.

மும்பையில் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்கள் 1890 முதல் இப்படி வீண் ஓட்டமில்லாமல்தான் வேலை செய்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் எழுதிய குறியைப் பார்த்து ரயில் நிலையத்திலேயே பிரித்துவிடுவதால், நீண்ட தூரத்தை ரயிலும் கடைசித் தூரத்தைச் சைக்கிளும் பார்த்துக்கொள்கின்றன. நம்முடையதும் மேடு பள்ளமில்லாத நிலம். நகருக்குள் சிறு பார்சல்களுக்குப் பெட்டி பூட்டிய சைக்கிளே போதும்.

பார்சலைப் பொலித்தீனில் சுற்றாதே. மாரி மழையில் அது வடிகான் வழியே வாவிக்குத்தான் போகும். பழைய மட்டைப்பெட்டியும் சணல் கயிறும் தாராளம்.

சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளை மத்தியான வெயிலில் விரட்டாதே. அவசரமில்லாத பார்சலை நாளைக்குத் தரலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டால், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கொடுக்க முடியாமல் திரும்பிய பார்சல்களைக் கொப்பியில் நாளாந்தம் எழுதி வை. அந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகு வண்டி வாங்கு. அப்போது எத்தனை வண்டி வேண்டும் என்பதும் உனக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
மாமா