விமான ஊழியர்களும் ஓய்வுரிமையும்
இரண்டாமாண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி

விமானம் என்றவுடன் செல்வந்தர்களின் வாகனம் என்றே பாடப்புத்தகம் படித்தவர்கள் நினைப்பார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படியன்று. திருச்சி செல்லும் பேருந்தில் கீரனூர், மாத்தூர் தாண்டி விமான நிலைய நிறுத்தத்தில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். கொத்தனார், கம்பி கட்டுபவர், ஓட்டுநர், சமையல்காரர் எனப் பலரும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியுடன் இறங்குவார்கள். ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஓர் ஆளை அனுப்பாத தெரு அரிது. என் தந்தையாரும் அவ்வாறு சென்றவர்தாம். அவர் அனுப்பும் பணத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். ஆகவே விமானத்தைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் ஒருமுறை விடுமுறை முடிந்து அவர் கிளம்பிய அன்று விமானம் ரத்தாகிவிட்டது. எந்த நிறுவனம் என்பது இங்கு தேவையில்லை. மூன்று நாள் கழித்தே வேறு இடம் கிடைத்தது. அந்த மூன்று நாள் கூலியும் அங்கே பிடிக்கப்பட்டது. விமானத்தை ஓட்ட ஆள் இல்லையாம் என்று அப்பா சொன்னபோது எனக்குப் பெருங்கோபம்.

“லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறாங்க, அவுங்களுக்கு என்னப்பா கொறச்சல்?” என்றேன்.

“சம்பளம் இருக்கட்டும் ஆத்தா. தூங்காம வந்தா அவன் எப்படி ஓட்டுவான்? கான்கிரீட் போடுற அன்னைக்கு ரெண்டு வேலையச் சேர்த்துப் பார்த்துட்டு நாங்க சாரத்துல நிக்கிறதுக்கே கால் நடுங்கும்” என்றார்.

அன்று அது எனக்கு விளங்கவில்லை. இவ்வாண்டு விலங்கியல் பாடத்தில் உடற்செயலியல் படித்தபோதுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையுடன் பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை அந்த அஞ்சல் வந்தது. 1953-இல் விமானக் கழகங்கள் சட்டம் இயற்றப்பட்டு, உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்சும் வெளிநாடுகளுக்கு ஏர் இந்தியாவும் அரசுடைமையாயின. அரசின் கைக்கு வந்துவிட்டால் ஊழியர் நலம் தானே வந்துவிடும் என்றெண்ணுவோம். அப்படி வரவில்லை என்பதற்குப் பெண்களின் வழக்கொன்றே போதிய சான்றாகும்.

ஏர் இந்தியாவின் விதிப்படி விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் புரிந்தாலும், அதன்பின் முதன்முறை கருவுற்றாலும் 35-க்கு முன்பே வேலை போய்விடும். மேலாண்மை இயக்குநர் மனம் வைத்தால் 45 வயது வரை நீடிக்கலாம். அதே விமானத்தில் அதே உணவுத் தட்டைச் சுமந்த ஆண் ஊழியருக்கோ ஓய்வு வயது 58! நர்கேஷ் மீர்சா என்னும் பணிப்பெண்ணும் பிறரும் தொடுத்த வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றால் வேலைநீக்கம் என்ற விதியையும், ஒரு தனி அதிகாரியின் விருப்பத்திற்கு விட்ட விதியையும் நீதிமன்றம் நீக்கியது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையை மட்டும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. ஆண், பெண் இருவரும் வெவ்வேறு பிரிவினர், ஆகவே பாகுபாடு இல்லை என்றும் கூறியது. இந்த இடம் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. தீர்ப்பளித்த மூவரில் ஒருவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன், உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பட்டியலினத்து நீதிபதி அவர்.

அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் ஏறத்தாழ 13,000 பேர், வாரத்திற்கு 32 மணி நேர வேலை முதலிய கோரிக்கைகளுடன் வேலையை நிறுத்தினர். அதிபர் ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்து, திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டோரை ஒரேயடியாக நீக்கினார். விமானத் தொழிலில் வெளிப்படையாக வேலைநிறுத்தம் செய்தால் என்னவாகும் என்பதை உலகத் தொழிற்சங்கங்கள் அன்று கண்டுகொண்டன.

நம் நாட்டின் சட்டமும் இதில் எளிதன்று. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வான்வழிப் போக்குவரத்தைப் பொதுப்பயன்பாட்டுப் பணியாக வைத்திருந்தது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் 14 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் சமரச அதிகாரி பேச்சைத் தொடங்கிவிட்டால், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் நிறுத்தக்கூடாது. இதனால் நம் விமான ஊழியர்கள் ஒரு விசித்திரமான வழியைக் கண்டுபிடித்தார்கள். வேலைநிறுத்தம் செய்வதில்லை, எல்லோருக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போய்விடும்!

2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் நூற்றுக்கணக்கில் இவ்வாறு ஐந்து நாள் நோயுற்றனர். சங்கம் அமைக்க முன்னின்ற இரு விமானிகளை நீக்கியதே காரணம். 2012 மே மாதம் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு சாரார், புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற தகராற்றில் நோய் விடுப்பில் தொடங்கி 58 நாள் வேலைக்கு வரவில்லை. இந்தப் போராட்டத்தில் மட்டும் எனக்கு ஊழியர்மேல் அத்தனை இரக்கம் பிறக்கவில்லை. பழைய இரு நிறுவனங்களை இணைத்ததில் வந்த பதவி மூப்புச் சண்டை அது; கோடை விடுமுறையில் சிக்கியவர்கள் பயணிகள். அதே ஆண்டில் கிங்பிஷர் ஊழியர்கள் நின்றது மாதக்கணக்கில் ஊதியமே வராததால். அதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

2024 மே 7 இரவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் விமானப் பணியாளர் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோய் விடுப்புச் சொன்னார்கள். டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தபின் மற்றொரு நிறுவனத்தோடு இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பணி நிலைமைகளும் ஊதியமும் மாறியதே அவர்களின் குறை. வளைகுடாவுக்குச் செல்ல வேண்டியவர்கள் கேரள விமான நிலையங்களில் திகைத்து நின்றார்கள். நிறுவனம் சுமார் 25 பேரை நீக்கியது. மே 9 அன்று தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் இரு தரப்பும் அமர்ந்து பேசின. நீக்கப்பட்டோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். இரண்டு நாளில் முடிந்த பேச்சு முன்பே நடந்திருக்கக் கூடாதா என்று விமானம் கிடைக்காமல் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

இந்த நோயெல்லாம் பொய்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரே இரவில் இருநூறு பேருக்குக் காய்ச்சல் வராது என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பொய்க்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. இங்குதான் விலங்கியல் உதவுகிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்பணுத் தொகுதி உள்ளது. உடலின் கடிகாரம் அதுவே. இருள் சூழ்ந்தால் மெலடோனின் என்னும் நாளமில்லாச் சுரப்பி நீர் பெருகும். பின்னிரவில் உடல் வெப்பம் இறங்கும். இரண்டு மணி முதல் ஆறு மணி வரை மனிதனின் விழிப்பு மிகக் கீழே கிடக்கும். சம்பளம் எவ்வளவு என்று அந்தக் கடிகாரம் கேட்பதில்லை. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனளவுக்குக் குறைந்ததாகக் கண்டார்கள். மது அருந்தியவரை வண்டியை விட்டு இறக்க நம்மிடம் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. தூக்கம் கெட்டவரைக் கண்டுபிடிக்கக் கருவி ஏது?

2010 மே 22-ஆம் நாளை நாம் மறக்கலாகாது. துபாயிலிருந்து நள்ளிரவுக்குப்பின் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூரில் இறங்கியது. ஓடுபாதையின் தொடக்கத்தில் தொட வேண்டிய சக்கரங்கள் வெகுதூரம் தள்ளித் தொட்டன. அந்த ஓடுபாதை குன்றின்மேல் அமைந்தது. அதன் முனையைக் கடந்து விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். பலரும் என் தந்தையாரைப்போல் ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில் தலைமை விமானி நெடுநேரம் உறங்கிய மூச்சொலி பதிவாகியிருந்தது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்பாததே விபத்துக்கு நேர்க்காரணம் என்றும், நீண்ட உறக்கத்திலிருந்து விழித்தபின் நீடிக்கும் மந்தம் அதற்குத் துணைக்காரணம் என்றும் விசாரணை அறிக்கை கூறியது. “மேலே எழும்பிவிடுவோம்” என்ற பொருளில் துணை விமானி சொல்லியும் இருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா வருவதும் இத்தகைய இரவு விமானங்களில்தான்.

ஆகவே ஓய்வு நேரம் என்பது ஊழியரின் சலுகை அன்று. பயணியின் உயிரும் அதில் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் விமானிகளின் பணிநேர விதியைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை என்றானது. இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் கூடுதல் விமானிகள் தேவைப்படும் என்று முறையிட, விதி தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்றபின் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு தவணையாக நடைமுறைக்கு வந்தது.

பின்பு நடந்ததைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டோரைச் சுமக்கும் இண்டிகோவிடம் புதிய விதிக்குப் போதிய விமானிகள் இல்லை. 2025 டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இம்முறை யாரும் நோய் விடுப்புச் சொல்லவில்லை, கொடி பிடிக்கவில்லை. விதிப்படி உறங்க விட்டதற்கே நாடு நின்றுபோயிற்று. அரசு என்ன செய்தது? அந்நிறுவனத்திற்கு இரவுப்பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது. நிலையங்களில் குழந்தைகளோடு தவித்தவர்களை நினைத்தால் வேறு வழியில்லை என்று தோன்றுகிறது. ஆனால் ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசத்தில் ஆள் சேர்க்காத குற்றம் நிறுவனத்துடையது; அதற்கு ஈடாக மறுபடியும் குறைக்கப்பட்டது விமானியின் ஓய்வு.

இதற்குச் சில நாள் முன்பு, நவம்பர் 21 அன்று, 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய 1947 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். அதில் ஒரு வரி என் கண்ணை நிறுத்தியது. ஊழியரில் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. நோய் விடுப்பு என்ற சொல் அங்கே இல்லை. இனி வழக்கறிஞர்கள் அந்த இடைவெளியில் வாதாடுவார்கள். உண்மையிலேயே களைத்துப்போன ஒரு விமானி “இன்றிரவு என்னால் இயலாது” என்று அச்சமின்றிச் சொல்ல என்ன வழி என்பதை அந்தத் தொகுப்பில் நான் காணவில்லை.

அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீ படி ஆத்தா, எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும்” என்று வைத்துவிட்டார். மணி அங்கே பதினொன்று. தை மாதம் அவர் வருகிறார். விமானம் விடிவதற்குமுன் திருச்சியில் இறங்குமாம். முதல் நாள் கடைசிப் பேருந்திலேயே போய் நானும் அம்மாவும் காத்திருப்போம்.