தோல் தொழிலும் தண்ணீரும்: சிறு முதலாளிகளுக்குச் சில பாடங்கள்

வியாபாரம் செய்கிறவனுக்கு முதற்பாடம் கணக்கு. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்பதை அந்தியில் எழுதிப் பார்க்காத கடை நெடுநாள் நிலைப்பதில்லை. ஆனால் தோல் தொழிலில் கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய உப்பும், சுண்ணாம்பும், குரோமும், இறைத்த தண்ணீரும் சாக்கடை வழியே போய்விடுகின்றனவே, அந்தச் செலவுதான் அது. அதை முதலாளி எழுதிவைப்பதில்லை. ஊரார் கிணறு எழுதிவைக்கிறது.

சிராங்கூன் சாலையிலோ, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ பெல்ட்டும் பர்சும் செருப்பும் விற்கும் நண்பர்கள், "இது தோல் பதனிடுகிறவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது சரியா என்பதை இக்கட்டுரையின் முடிவில் பார்ப்போம். முதலில் தொழில் நடக்கும் இடத்துக்குப் போவோம்.

பாலாற்றங்கரையில் நடந்தது

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைக் கேளாத தோல் வியாபாரி இருக்க முடியாது. பழைய வட ஆற்காட்டுச் சீமையைச் சேர்ந்த இவ்வூர்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழில் செய்துவருகிறார்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் சரக்குக் கைமாறும். அக்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். வேலை முடியப் பல வாரம் பிடிக்கும். பிறகு குரோம் உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளைக்குள் அடங்கிற்று. சென்னையை அடுத்த குரோம்பேட்டை அந்தப் பெயரைப் பெற்றதே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.

தொழில் பெருகியது, கழிவும் பெருகியது. பதனிட்ட தண்ணீர் வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் இறங்கிற்று. கிணறுகள் உப்புக் கரித்தன. தென்னை வாடிற்று. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு உதவாமற் போனதென்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்ற நியதி நாட்டின் சட்டத்தில் சேர்ந்ததாக நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதி இல்லாதவை இயங்கக்கூடாதென்றும் ஆணையிட்டது.

அதன் பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பிழைப்புத் தேடி நெடுந்தூரம் வந்தவர்கள் அவர்களிற் பெரும்பாலோர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் மக்களாகிய நாம் அச்செய்தியை எளிதில் மறக்கலாகாது. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, கெட்ட நிலத்துக்கும் வாழ்விழந்தவர்களுக்கும் ஈடு செய்யச் சொல்லிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஏன் இவ்வளவு காலம்? கழிவு வந்த பிறகு அதைச் சுத்தம் செய்வதிலேயே கவனம் நின்றது. கழிவு பிறக்கும் இடத்தில் அதைக் குறைக்கும் வழி பல சிறு தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வழியே இன்றைய பாடம். செலவில்லாதது, சிறு செலவுள்ளது, கூட்டாகச் செய்ய வேண்டியது என்று வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

செலவில்லாத பாடம்: உப்பை உதறுதல்

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தூவுகிறோம். 100 கிலோ தோலுக்கு ஏறக்குறைய 40 கிலோ உப்பு என்பது வழக்கம். தொழிற்சாலைக்கு வந்ததும் தோலை அப்படியே ஊறல் தொட்டியில் போட்டால் ஒட்டியிருக்கும் உப்பு முழுவதும் தண்ணீரில் கரைகிறது. இங்கேதான் பெருங்கேடு தொடங்குகிறது. தோலிலிருந்து வரும் சதை, கொழுப்பு முதலிய அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உப்பை அவை தீண்டா. உப்பைப் பிரிக்க வேண்டுமானால் சவ்வில் அழுத்தி வடித்து, எஞ்சிய நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். மின்சாரமும் விறகும் அதிகம் பிடிக்கும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆள் கிடைப்பது அரிது. கொட்டகைக்குள் மலைபோல் குவித்து வைக்கிறார்கள்.

இதைத் தடுக்கும் வழியோ மிக எளியது. ஊறலுக்கு முன் ஒரு மரச்சட்டத்தின் மேல் தோலை விரித்து நன்றாக உதற வேண்டும். இல்லையேல் கம்பி வலை சுற்றிய டிரம்மில் சற்று நேரம் சுழற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு நல்ல பங்கு உலர்ந்தபடியே உதிர்ந்துவிடும். அது தண்ணீரில் கலவாத உப்பு. அப்புறப்படுத்துவதும் எளிது.

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிக் குர்பானித் தோல்கள் ஒரே வேளையில் மலைபோல் குவிவதை நாம் அறிவோம். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே தோல் கெடத் தொடங்கும். மதரஸாவுக்குச் சேர வேண்டிய பணம் அதனால் குறைகிறது. அந்த அச்சத்தில் பிறகு உப்பை அள்ளிக் கொட்டுவதைவிட, அறுத்த உடனே இரத்தத்தைக் கழுவி, நீரை வடியவிட்டு, நிழலில் விரித்து, அளவாக உப்பிடுவதே நல்லது. அப்படிச் செய்தால் நல்ல தோலுக்கு நல்ல விலை வரும், ஊறல் தொட்டியில் கரையும் உப்பும் குறையும்.

செலவில்லாத மற்றொரு பாடம்: தண்ணீர்

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று 1996 தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இதிற் பெரும்பங்கு குழாயைத் திறந்துவிட்டு ஓடும் நீரில் கழுவுவதால் போகிறது. டிரம்மை மூடி, அளந்த நீரை ஊற்றி, சுழற்றி, வடித்து, மறுபடி அளந்து ஊற்றிக் கழுவினால் குறைந்த நீரில் அதே வேலை முடியும். இரண்டாம் ஊறலில் வடித்த நீர் அவ்வளவு அழுக்காக இராது. அதை அடுத்த தோல்களின் முதல் ஊறலுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுப் பாடமன்று. தொழிற்சாலைக் குழாயருகே மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

சிறு செலவுள்ள பாடம்: சுண்ணாம்புத் தொட்டி

மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறோம். மயிர் கூழாய்க் கரையும்படி விட்டால் அக்கூழ் முழுவதும் கழிவு நீரில் சேர்ந்து நாறும். மயிர் கரையுமுன்னே தளர்ந்து விழும்படி செய்து வடிகட்டி எடுத்தால் கழிவின் கனம் பெரிதும் குறைகிறது. நொதிப் பொருள்களைத் துணைக்குச் சேர்த்தால் சல்பைடின் அளவையும் குறைக்கலாம். ஊறலுக்குப் பின், சுண்ணாம்பில் இடுமுன்பே சதையைச் சீவிவிட்டால் சுண்ணாம்பும் சல்பைடும் மிச்சமாகும். சுண்ணாம்பு படாத அச்சதை மற்ற உபயோகங்களுக்கும் எளிதில் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும், அமிலம் கலந்த நீரும் ஒரே சாக்கடையில் கூடவே கூடாது. கூடினால் நச்சுவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து, அந்த நாற்றமும் தெரியாமற் போகும். தொட்டிக்குள் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவது இத்தொழிலில் பலமுறை கண்ட துயரம். இரண்டுக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்டச் செங்கல்லும் சிமெண்டும் போதும். எவரையும் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்று முதலாளி உறுதி செய்துகொள்ள அதுவும் தேவையில்லை.

கூட்டாகச் செய்யும் பாடம்: குரோமை மீட்டல்

குரோம் உப்பை விலை கொடுத்து வாங்குகிறோம். வழக்கமான முறையில் அதில் 60 முதல் 70 சதவிகிதமே தோலில் ஏறுகிறது. அதாவது 10 கிலோ வாங்கினால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் சாக்கடைக்குப் போகிறது. எந்தக் கடைக்காரர் பத்து மூட்டை அரிசி வாங்கி மூன்று மூட்டையைத் தெருவில் கொட்டுவார்?

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தோலில் ஏறும் பங்கைக் கூட்டுவது. குறைந்த நீரில் டிரம்மை ஓட்டுதல், முடிவில் சற்றுச் சூடேற்றுதல், காரத்தை அவசரப்படாமல் மெதுவாகக் கொடுத்தல் ஆகியவை உதவும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையொன்றையும் கண்டு தொழிற்சாலைகளுக்கு வழங்கியிருக்கிறது.

மற்றொன்று, மிஞ்சிய குரோமை மீட்பது. குரோம் நீரை மற்ற நீரோடு கலவாமல் தனியே பிடித்து, அதில் மெக்னீசியம் ஆக்சைடு கலந்தால் குரோம் சேறாகப் படியும். மேல்நீரை வடித்துவிட்டுச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் குரோம் நீர் தயார். புதிய குரோம் ஏழு பங்கும் மீட்டது மூன்று பங்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். தனி ஒருவருக்கு இந்தத் தொட்டிகள் கட்டாது. பத்துச் சிறு முதலாளிகள் சேர்ந்து ஒரு மீட்பு நிலையம் வைத்தால் கட்டும். ஊர் ஜமாஅத்தில் கூடிப் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இக்கூட்டு முயற்சி இயலாததன்று.

சிலர், "குரோமே வேண்டாம், பழையபடி பட்டைக்குத் திரும்புவோம்" என்பார்கள். பட்டைத் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டைச் சாற்றின் கழிவும் கருநிறமாய், எளிதில் சிதையாததாய் இருக்கிறது. ஊறல் உப்பும் சுண்ணாம்பும் பட்டைத் தோலுக்கும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் மாற்றினால் தண்ணீர் தெளிந்துவிடாது.

வாங்குகிறவர்களுக்கு உள்ள பங்கு

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். சிறு தொழிற்சாலைகளிற் பல சொந்தச் சரக்கைப் பதனிடுவதில்லை. வியாபாரியின் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கின்றன. சதுர அடிக்கு இன்ன காசு என்று வாங்குகிறவர் விலையை இறுக்க இறுக்க, பதனிடுகிறவர் கைவைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது. அது சுத்தம் செய்யும் செலவு. நாம் பேரம் பேசிக் குறைத்த காசை எங்கோ ஒரு கிணற்றடியில் குடத்தோடு நிற்கும் பெண் கட்டுகிறாள். ஆதலால் இது பதனிடுகிறவர் பாடு மட்டுமன்று.

தருமம் ஒருபுறமிருக்க, வியாபார நியாயமும் இதையே சொல்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 2015 மே முதல், உடம்பில் படும் தோல் சாமான் ஒரு கிலோவில் ஆறாம் நிலைக் குரோமியம் 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்கமுடியாது. தோலில் நாம் ஏற்றுவது மூன்றாம் நிலைக் குரோமியம். சூட்டாலும், காரம் மிகுதியாலும், மட்டமான எண்ணெய்ப் பூச்சாலும் அதுவே ஆறாம் நிலையாக மாறக்கூடும். முறையாகப் பதனிட்டு, பிற்பாடு சிறிது பட்டைச் சாறும் கொடுத்த தோலில் அந்த அபாயம் குறைவு. பெரிய செருப்புக் கம்பெனிகள் தொழிற்சாலையின் தண்ணீர்க் கணக்கையும் கேட்கின்றன. அவை கூடி 2005-இல் ஏற்படுத்திய தோல் தணிக்கை முறையில் தகுதிபெற்ற தொழிற்சாலைக்கே ஆர்டர் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது.

எனவே கொள்முதல் செய்யும்போது மூன்று காரியங்களை வழக்கமாக்குவோம். ஆறாம் நிலைக் குரோமியப் பரிசோதனைச் சீட்டைக் கேட்போம். உப்பை உதறுகிறார்களா, குரோம் நீரைத் தனியே பிடிக்கிறார்களா என்று ஏஜெண்டு மூலமாவது விசாரிப்போம். அப்படிச் செய்கிறவருக்கு அடிக்குச் சிறிது கூட்டிக் கொடுத்து, அட்வான்சையும் முன்கூட்டியே தருவோம். மீட்பு நிலையத்தில் தம் பங்கைக் கட்ட அவருக்கு அந்தப் பணமே உதவும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் உப்பைத் தோலிலிருந்து முன்பே உதற வேண்டுவது ஏன்?

2. சுண்ணாம்பு நீருக்கும் அமில நீருக்கும் தனி வாய்க்கால் இல்லாவிட்டால் யாருடைய உயிருக்கு ஆபத்து?

3. நீங்கள் கடைசியாக வாங்கிய தோல் சரக்கு எந்த ஊரில், எந்த முறையில் பதனிட்டது? விலை பேசும்போது அதைக் கேட்டீர்களா?

மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த சரக்குக்கு ஆர்டர் எழுதும்போது கேட்டுக்கொண்டால் போதும்.