பழைய தோட்ட டிராக்டரும் பௌதிகப் பாடமும்



என் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவன் ஒருநாள் மாலை தன் தந்தையுடன் என் வீட்டிற்கு வந்தான். கம்பம் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பந்தல் கால்களுக்கு இடையே புகுந்து உழக்கூடிய, 18 குதிரைத் திறன் கொண்ட சிறிய டீசல் டிராக்டர் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருந்தது. எட்டு ஆண்டுகள் ஓடிய வண்டி. கேட்கும் விலை 1,80,000 ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும்.

"வண்டி பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு சார். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. பையன்தான் உங்களைக் கேட்கலாம்னான்" என்றார் தந்தை.

டிராக்டரின் உட்புறத்தைப் பிரித்துப் பார்க்க விற்பவர் இசையமாட்டார். ஆனால் பிரிக்காமலேயே உள்ளே நடப்பதை அறிய வழி உண்டு. நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் வெப்பவியலும் ஒளியியலும்தான் அந்த வழி. அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை விரைந்து அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். இந்த எளிய உண்மையின் மீதுதான் டீசல் எஞ்சின் நிற்கிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இதை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் நுழைந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. இதனை வெப்ப மாற்றீடற்ற நிகழ்வு எனக் கொண்டு கணக்கிடுவோம். தொடக்க வெப்பநிலை 300 கெல்வின். காற்றின் தன்வெப்பங்களின் தகவு 1.4. எனவே இறுதி வெப்பநிலை, 300ஐ 18இன் 0.4ஆம் அடுக்கால் பெருக்கக் கிடைப்பதாகும். 18இன் 0.4ஆம் அடுக்கு ஏறத்தாழ 3.18. ஆகவே இறுதி வெப்பநிலை சுமார் 950 கெல்வின். அதாவது 680 டிகிரி செல்சியஸ்! உண்மையில் சிலிண்டர்ச் சுவர் சிறிது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்த அளவு எட்டப்படுவதில்லை. ஆயினும் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே தீப்பற்றிக்கொள்ள அது போதுமானது.

பிஸ்டன் ரிங்குகளும் லைனரும் தேய்ந்து விட்டால் என்ன ஆகும்? அமுக்கும்போது காற்று இடுக்கு வழியே கசிந்துவிடும். வெப்பநிலை போதிய அளவு உயராது. எஞ்சின் எளிதில் கிளம்பாது.

குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஸ்டார்ட்டர் சுழற்றும்போது எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 200 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.3 வினாடி. அமுக்கும் வீச்சு அரைச் சுற்று. ஆகவே அதற்கு 0.15 வினாடி. எஞ்சின் கிளம்பி 2,000 சுற்றில் ஓடும்போதோ அதே வீச்சுக்கு 0.015 வினாடிதான் ஆகிறது. காற்று கசிவதற்குக் கிடைக்கும் நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது! மேலும், சூடேறிய சுவர் வெப்பத்தை அவ்வளவாக உறிஞ்சுவதும் இல்லை.

ஆகவே தேய்ந்துபோன எஞ்சின்கூட ஒருமுறை கிளம்பிச் சூடாகிவிட்டால் நன்றாகவே ஓடுவதுபோல் தோன்றும். அதன் குறை வெளிப்படுவது குளிர்ந்த நிலையில் முதன்முறை கிளப்பும் அந்தச் சில வினாடிகளில் மட்டுமே.

நாங்கள் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு காலை ஆறரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். விற்பவர் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது. தந்தையின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் மட்டும் எஞ்சின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, காலையிலேயே ஓட்டிட்டீங்களா?" என்றார். "நீங்க வர்றீங்கன்னு கொஞ்சம் ஓடவிட்டு வச்சேன்" என்றார் அவர். கிளப்பிய சில நொடிகளில் அவ்வளவு கனமான இரும்பு சூடாகாது. ஆகவே வண்டி முன்பே ஓடியிருக்கிறது என்பது உறுதி. நியூட்டனின் குளிர்வு விதிப்படி, சுற்றுப்புற வெப்பநிலையை நெருங்க நெருங்கப் பொருள் குளிரும் வேகமும் குறையும். முழுதும் குளிரப் பல மணி நேரம் ஆகும். எனவே, "நாளைக் காலை வருகிறோம், நாங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் எஞ்சின் சில்லென்றிருந்தது. மூன்று முறை நீளச் சுழற்றிய பிறகே, வெண்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது.

புகையின் நிறம்

மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல மெக்கானிக் புகையைப் பார்க்கிறார்.

கரும்புகை, எரியாத கரித்துகள்களால் உண்டாவது. டீசல் மிகுதி, அல்லது காற்று குறைவு என்பது பொருள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இஞ்செக்டர் பழுதாகியிருக்கலாம். திடீரென்று பளு ஏறும்போது ஒரு கணம் கரும்புகை வருவது குற்றமல்ல.

வெண்புகை, தீப்பற்றாத டீசலின் ஆவி குளிர்ந்து திவலைகளாவதால் வருவது. குளிர்ந்த எஞ்சினில் சில வினாடிகள் வந்து மறைந்தால் கவலையில்லை. சூடான பின்னும் நீடித்தால் அமுக்கக் குறைவையோ, இஞ்செக்டர் பழுதையோ, ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் நுழைவதையோ காட்டும்.

நீலப்புகை, உயவு எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிவதைக் காட்டுவது. ரிங் அல்லது வால்வு வழிகாட்டிகளில் தேய்மானம் இருக்கிறது. அதற்கு ஏன் நீல நிறம்? ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் சிற்றலைநீளமுள்ள நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தோன்றுவதற்கும் ராலே கூறிய இந்தச் சிதறலே காரணம். திவலைகள் பெரியனவாக இருப்பின் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்து வெண்மையாகத் தோன்றும்.

எங்கள் வண்டியில் வெண்புகை அடங்கியதும் நீலப்புகை தொடர்ந்தது.

எண்ணெய் மூடி ஆடுகிறதா?

அடுத்து மெக்கானிக், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் மேலேயே வைத்தார். மூடி தடதடவென ஆடிக் கீழே விழுந்தது. எரிந்த வாயு ரிங்குகளைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது என்பதற்கு இது சான்று. நல்ல எஞ்சினிலும் இலேசான மூச்சு இருக்கும். ஆனால் மூடி பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும்.

எண்ணெய் அளவுக் குச்சியையும் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுத்துவிடுவது இயல்பே. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுக்கோட்டிற்கு மிகவும் மேலே இருந்தால், டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறதா என்று ஐயுற வேண்டும்.

எண்ணெய் அழுத்த விளக்கைச் சூடான நிலையில் கவனியுங்கள். வெப்பநிலை உயர்ந்தால் எண்ணெயின் பாகியல் குறையும். பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் நீர்த்த எண்ணெய் எளிதில் வழிந்தோடி, அழுத்தம் வீழ்ந்து, மெதுவாக ஓடும்போது விளக்கு மினுக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறவாதீர்கள். வளிமண்டல அழுத்தத்தைவிட 0.9 மடங்கு கூடுதலான அழுத்தத்தில் நீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் வீழ்ந்து, கொதிநீர் முகத்தில் சீறும். குளிர்ந்த நிலையில் திறந்து, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள்.

பளு ஏற்றிப் பாருங்கள்

நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் தன் சொந்த உராய்வை மட்டுமே வெல்கிறது. அதனால் அதன் வலிமை தெரியாது. கலப்பையைப் பூட்டி அரை மணி நேரமாவது உழச் சொல்ல வேண்டும். இழுவிசை 3,000 நியூட்டன், வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர் என்றால், திறன் 4,500 வாட். அதாவது சுமார் 6 குதிரைத் திறன். 18 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் இதற்கே திணறினால் அதன் நிலை தெளிவு.

பின்னர்க் கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கலப்பையின் உயரத்தைச் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள். பாஸ்கல் விதிப்படி அடைபட்ட எண்ணெய்தான் அந்தப் பளுவைத் தாங்குகிறது. பத்து நிமிடத்தில் கலப்பை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெய் கசிகிறது. அப்போது தூக்கிய கலப்பையின் அடியில் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது துண்டு, வேட்டி, தாவணி எதுவும் சுழலும் தண்டின் அருகே போகக் கூடாது.

ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை அப்படியே நம்பவும் வேண்டாம்; கேபிளைக் கழற்றி ஓட்டியிருக்கலாம். மிதிகளின் ரப்பர் தேய்வு, இழுகம்பியின் துளை முட்டை வடிவில் நீண்டிருத்தல், ஸ்டீயரிங்கின் ஆட்டம் ஆகியவை உண்மையான மணிக்கணக்கைச் சொல்லும். புதுப் பெயிண்ட்டின் அடியில் பட்டி பூசியிருக்கிறார்களா என்று அறிய, தகட்டுப் பாகங்களில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது.

விலை எவ்வளவு?

கதிரியக்கப் பொருள் சிதைவதுபோலவே பழைய எந்திரத்தின் மதிப்பும் ஆண்டுதோறும் எஞ்சியதில் ஒரே விகிதம் குறைவதாகக் கொள்ளலாம். அந்த விகிதம் எது? அதைச் சந்தைதான் சொல்ல வேண்டும். இதே வகை வண்டியின் புது விலை 4,00,000 ரூபாய் என்றும், ஐந்து ஆண்டு ஓடிய ஒன்று 2,11,000 ரூபாய்க்கு விற்றது என்றும் விசாரித்ததில் தெரிந்தது. 2,11,000ஐ 4,00,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.528. இதன் ஐந்தாம் மூலம் 0.88. அதாவது, ஆண்டுக்கு 12 விழுக்காடு இறக்கம். இந்த விகிதத்தில் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில் மதிப்பு பாதியாகும். இதை வண்டியின் அரை ஆயுட்காலம் எனலாம்!

எட்டு ஆண்டுகளுக்கு 0.88இன் எட்டாம் அடுக்கு 0.36. ஆகவே மதிப்பு சுமார் 1,44,000 ரூபாய். ஆனால் இது, வயதுக்கேற்ற தேய்மானம் மட்டுமே உள்ள வண்டிக்கு உரியது. எங்கள் வண்டிக்கு ரிங், லைனர் வேலைக்கு 40,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். பின் டயர்கள் இரண்டும் வழுக்கையாகியிருந்தன. புதியவை 24,000 ரூபாய். எட்டு ஆண்டு வண்டியில் டயர் பாதி தேய்ந்திருப்பது இயல்பு என்பதால், அதில் பாதியான 12,000 ரூபாயைக் கழிப்பதே நியாயம். ஆக 1,44,000இலிருந்து 52,000 போக, 92,000 ரூபாய்.

விலை பேசுமுன் ஆவணங்களையும் சரிபார்த்தோம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை.

விற்பவர் 1,30,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. தந்தை சற்று நேரம் தயங்கி நின்றார். பிறகு, "வேண்டாம் சார், போகலாம்" என்றார். நகை பீரோவிலேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு வண்டி வாங்கினார். பெயிண்ட் உரிந்த, பத்து ஆண்டு பழைய வண்டி. ஆனால் விடியற்காலைக் குளிரில் முதல் சுழற்சியிலேயே கிளம்பியது. எஞ்சினில் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவன் என் மாணவன்தான்.

செய்து பாருங்கள்

1. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாகப் பலமுறை அமுக்குங்கள். பிறகு மெதுவாக அமுக்குங்கள். எப்போது பம்பு அதிகம் சுடுகிறது? ஏன்?

2. அமுக்க விகிதம் 18க்குப் பதில் 12 எனில், 300 கெல்வினில் உள்ள காற்று எந்த வெப்பநிலையை அடையும்?

3. உங்கள் ஊரில் ஏதேனும் ஒரு பழைய எந்திரத்தின் புது விலையையும் விற்ற விலையையும் கேட்டறிந்து, அதன் அரை ஆயுட்காலத்தைக் கணக்கிடுங்கள்.