உணவு வினாத்தாள் எவ்வளவு உண்மை சொல்லும்?

"வாரத்தில் எத்தனை நாள் கீரை உண்பீர்கள்? ஒரு வேளைக்கு எத்தனை இட்லி?" சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை பெறுவோரிடம் இத்தகைய கேள்விகள் கேட்கப்படுவது வழக்கம். உணவியல் ஆய்வுகள் பலவும் இவ்வகை வினாத்தாள்களையே நம்பியுள்ளன. நினைவிலிருந்து கூறும் விடை எந்த அளவுக்குச் சரியானது என்பதை எவ்வாறு அறிவது?

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 222 உணவு வகைகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினர். அதன் நம்பகத்தன்மை பற்றிய ஆய்வு 2006-இல் வெளியானது. வினாத்தாளில் கிடைத்த விடைகளை, அதே மனிதர்களிடம் வெவ்வேறு நாள்களில் "கடந்த 24 மணி நேரத்தில் என்னென்ன உண்டீர்கள்?" என்று கேட்டு எழுதிய குறிப்புகளுடன் அவர்கள் ஒப்பிட்டனர்.

எனினும் இரண்டுமே நினைவைச் சார்ந்தவை. இரண்டிலும் ஒரே பிழை நேரலாம். ஆகவே உடலையே சாட்சியாக்கும் முறைகளும் உள்ளன. உணவில் சேர்ந்த சோடியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிறுநீரில் வெளியேறுவதால், ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீர் உப்பின் அளவைக் காட்டிவிடும். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், அடையாளமிட்ட நீரைப் பருகச் செய்து உடல் செலவிட்ட ஆற்றலை அளந்தனர். வினாத்தாளில் மக்கள் கூறிய உணவின் ஆற்றல் அதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

வினாத்தாள் ஊருக்கும் பொருந்த வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் விளைகிறது. திராட்சையைப் பருவகாலப் பழமாகக் கருதி எழுதிய பட்டியல் இங்குள்ளோர் உண்ணும் அளவைத் தவறாகவே கணக்கிடும்.

இப்பிழை ஆய்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் மருத்துவருக்கு அஞ்சி, உண்டதைக் குறைத்துக் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவு சரியாகவே உள்ளது, மருந்துதான் போதவில்லை என்று மருத்துவர் கருதி அளவைக் கூட்டக்கூடும். பின்னர் அவர் உண்மையாகவே குறைவாக உண்ணும் நாளில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

ஆகவே வீட்டில் பயன்படுத்தும் கிண்ணத்தையும் கரண்டியையும் ஒருமுறை அளந்து வையுங்கள். வேலைக்கு இடையே அருந்தும் தேநீர், ஊறுகாய், தாளிக்கும் எண்ணெய் ஆகியவற்றையும் மறவாமல் குறியுங்கள். சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். உணவு பற்றிய கேள்வி உங்களைக் குறை காண்பதற்கன்று. உங்களுக்கு உரிய சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கே.