ஊதியமில்லாப் பதிப்புப்பணியும் மாணவர் பெறும் பயிற்சியும்

கல்லூரிக் கல்வியை முடித்து வெளியேறும் மாணவருட் சிலர், பத்திரிகை நிலையங்களிலும் பதிப்பகங்களிலும் அமர்ந்து பிறர் எழுத்தைச் செப்பஞ்செய்யுந் தொழிலை விரும்புகின்றனர். ஆயின் வேலை கேட்கச் சென்றவிடத்து, முன்னனுபவம் உளதோ என்னும் வினாவே முதற்கண் எழுகின்றது. வேலையின்றி அனுபவமில்லை, அனுபவமின்றி வேலையில்லை. இம்முடிச்சை அவிழ்த்தற்குரிய வழிகளுள் ஒன்று, ஊதியங் கருதாது சிறிது காலம் பதிப்புப்பணி புரிதலாம். எனினும், கூலியின்றிச் செய்த வேலை யாவும் பயிற்சியாய்விடா. எது பயிற்சியாகும், அதனை எங்ஙனம் பெறுவது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வழி புதியதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள் முதலில் வழக்கறிஞராகவே தொழில் புரிந்தார்கள். அந்நாளிலேயே தமிழாராய்ச்சியிலும் பதிப்புப்பணியிலும் ஈடுபட்டிருந்தார்கள். 1926-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பு அவர்களிடம் வந்தது. ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்த தொண்டு, பெரும்பணிக்கு ஒருவரைத் தகுதியாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதின்று.

இனி, பயிற்சியாவதன் இலக்கணம் யாதெனின், நாம் செய்த திருத்தத்தை நம்மினும் அறிந்தார் ஒருவர் மீளநோக்கி, இது சரி, இது பிழை என்று காட்டுதலேயாம். நோக்குவாரின்றி நூறு கட்டுரைகளைத் திருத்தினும் நம் பிழை நமக்குத் தோன்றாது. அதுவே வழக்கமாய் வேரூன்றிவிடும். ஆதலின், பணியைத் தேடுமிடத்து முதலிற் கேட்கவேண்டிய வினா, "எம் திருத்தத்தைப் பார்ப்பவர் யாவர்?" என்பதே.

இவ்விலக்கணத்திற்குப் பொருந்திய இடங்கள் சில உள. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கப்படமும், பொறியாற் படிக்கப்பெற்ற எழுத்தும் அருகருகே தோன்றும். இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சட் குறி பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சைக் குறி பெறும். ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் நிலைத்திருத்தலின், நாம் விட்ட பிழையைப் பின்வந்தவர் திருத்தியதை நாமே கண்டு கற்கலாம். ஆங்கிலத்தில் இத்தகைய பயிற்சியை விரும்புவோர்க்கு, 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'டிஸ்டிரிபியூட்டட் புரூப்ரீடர்ஸ்' என்னும் தொண்டர் கூட்டம் உளது. 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய கூட்டன்பர்க் திட்டத்திற்காக நூல்களை ஆயத்தஞ்செய்யும் அக்கூட்டத்தில் ஒரே பக்கம் பலர் கையிற் படிப்படியாய்ச் செல்லும். இவையன்றி, நம் கல்லூரி மலரின் ஆசிரியர் குழுவும், ஊர் நூலகச் சங்கத்தின் செய்தி மடலும் அண்மையிலேயே உள்ள பள்ளிக்கூடங்களாம்.

பணியிற் புகுந்தார் முதலிற் கற்கவேண்டுவது கையடக்கம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துக்கள் வேறு வடிவின. பொறி அவற்றை மாறாகப் படித்தல் கூடும். மூலத்தை நோக்கியே திருத்துக. ஆனால் ஆசிரியர் கையாண்ட பழஞ்சொல்லைப் பிழையென்று கருதி மாற்றற்க. அங்ஙனம் மாற்றின், ஒரு காலத்தின் வழக்குக்குரிய சான்றொன்று அழிந்தொழியும்.

சந்தியறிவும் இன்றியமையாதது. "மன்னன் வேலை கொடுத்தான்" என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, வல்லெழுத்து மிகவேண்டுமெனத் துணிந்து "வேலைக் கொடுத்தான்" எனத் திருத்துவோமாயின், தொழில் கொடுத்த மன்னன் கைவேலைக் கொடுத்தவனாகிவிடுவான். இலக்கணம் இரண்டிற்கும் இடந்தரும், பொருளே தீர்ப்பளிக்கும். ஐயம் நிகழ்ந்துழித் தாமே முடிவு செய்யாது, பக்கத்தின் ஓரத்தில் ஒரு வினாக்குறியிட்டு ஆசிரியரைக் கேட்டலே நேர்மை. நல்ல பதிப்பாசிரியர்க்கு அழகு, தம் நடையைப் பிறர் எழுத்தில் ஏற்றாது, அவர் கருத்தை அவர் குரலிலேயே விளங்கச் செய்தலாம்.

பணி கேட்குமிடத்து, "எவ்வுதவியும் செய்வேம்" என்று பொதுவாய் எழுதுதல் பயன்படாது. "வாரம் மூன்று மணிநேரம் மெய்ப்புப் பார்க்க இயலும்" என அளவு கூறி, அந்நிலையத்தார் விரும்பின் ஒரு பக்கத்தை மாதிரியாகத் திருத்திக் காட்டுக. காலவெல்லையும் முன்னரே வகுத்துக்கொள்க. விற்று இலாபம் பெறும் நிலையமொன்று, கற்பித்தலுமின்றிப் பெயர் சுட்டலுமின்றி மாதக்கணக்கில் வேலை வாங்குமாயின், அது பயிற்சியன்று, கூலி மறுத்தலேயாம். அங்கிருந்து வணக்கங்கூறி விலகுதலிற் குற்றமில்லை.

செய்த பணிக்குக் குறிப்பேடொன்று வைத்துக்கொள்க. நூலின் பெயர், பக்க எண், செலவான நேரம், பிறர் காட்டிய பிழை ஆகியவற்றை அதில் எழுதிவருக. பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்குங்கால், தொண்டாகச் செய்ததைத் தொண்டென்றே கூறித் திருத்தத்திற்கு முன்னும் பின்னுமாகிய ஒரு பக்கத்தை உடன் வைக்கலாம். அச்சாகாத பிறர் எழுத்தாயின் அவர் இசைவின்றிக் காட்டுதல் தகாது.

மாணவ நண்பர்காள்! பதிப்பாசிரியர் உழைப்பு நூலின் முகப்பிற் பெரும்பாலும் தோன்றுவதில்லை. படிப்பவர் தடையின்றிப் படித்துச் செல்வதே அதன் அடையாளம். விடுமுறைநாளில் ஒரு பழைய நூலின் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு தொடங்குமின். பிறர் அப்பக்கங்களில் எத்தனை திருத்தஞ் செய்தனர் என்று எண்ணிப் பார்மின். அவ்வெண் மாதந்தோறும் குறையுமாயின், வேலை தருவோர் வினாவுக்குரிய விடை உம் கையில் வந்துவிட்டதென்று கொள்ளலாம்.