வரிசை மாறினால் விடை மாறும்!

முதலாண்டுக் கணிதத்தில் அணிகள் படித்திருக்கிறோம். ஏ, பி என்ற இரு அணிகளை ஏபி என்று பெருக்கினால் ஒரு விடை. பிஏ என்று பெருக்கினால் பெரும்பாலும் வேறு விடை. பரிமாற்று விதி இங்கே செல்லாது. "இரண்டு மார்க் கேள்விதானே" என்று மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் வெளியும் காலமுமே இந்த விதியை மீறுமோ என்று இயற்பியல் அறிஞர்கள் ஆராய்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இந்த மலரை மூடி, அட்டை மேலே தெரிய மேசைமேல் வையுங்கள். வலஞ்சுழியாக 90 பாகை திருப்பி, பிறகு எதிர் ஓரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். மலர் பக்கவாட்டில் நிற்கும். அட்டை உங்களைப் பார்க்கும். இப்போது மாற்றிச் செய்யுங்கள்: முதலில் நிறுத்தி, பிறகு திருப்புங்கள். மலர் நேராக நிற்கும். அட்டை இடப்பக்கம் பார்க்கும். செயல்கள் அதே இரண்டுதான், வரிசைதான் வேறு.

1925-இல் ஹைசன்பர்க் அணுவுக்குள் இதையே கண்டார். துகளின் இடத்தையும் உந்தத்தையும் பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறுகிறது. அவை அணிகளே என்று அடையாளம் கண்டவர் மாக்ஸ் பார்ன்.

அப்படியானால் எக்ஸ், ஒய் என்னும் இட அளவுகளே தமக்குள் பரிமாறாவிட்டால்? 1947-இல் ஸ்னைடர் அப்படி ஒரு கொள்கையை வெளியிட்டார். ஈர்ப்பு விசை இதில் எங்கே வருகிறது என்பதை 1995-இல் டோப்ளிகர், ஃபிரெடன்ஹாகன், ராபர்ட்ஸ் மூவரும் விளக்கினார்கள். மிகச் சிறிய இடத்தைக் குறிபார்த்து அளக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். அவ்வளவு ஆற்றலும் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே கருந்துளையே உண்டாகிவிடும்! ஆகவே பிளாங்க் நீளம், அதாவது சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர் அளவில், "இந்தப் புள்ளி" என்று சொல்வதற்கே பொருளில்லை.

இங்கேதான் சிக்கல். எக்ஸ்ஒய், ஒய்எக்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கும் மாறாத ஓர் அளவு என்று வைத்துக்கொள்வோம். உடனே எக்ஸ்-ஒய் தளம் மட்டும் தனிச்சிறப்புப் பெற்றுவிடும். அதற்குச் செங்குத்தான திசையும் தனித்து நிற்கும். எல்லாத் திசையும் சமம், சீராக நகர்பவர் எல்லாருக்கும் இயற்கை விதி ஒன்றே என்ற லாரன்ஸ் சமச்சீர் உடைந்துபோகும். ஐன்ஸ்டீன் 1905-இல் கட்டிய சார்பியலுக்கு அதுதான் அஸ்திவாரம். ஸ்னைடரின் கொள்கை இதை உடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைச் சோதிக்க முடியுமா? முடியும். சமச்சீர் உடையும் சில கொள்கைகளில், ஒளியின் வேகம் அதன் ஆற்றலுக்கு ஏற்ப மிகமிகச் சிறிதளவு மாறும். 2009 மே 10 அன்று ஃபெர்மி விண் தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அந்த ஒளி 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்தது. அதில் 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான், வெடிப்பு பதிவாகத் தொடங்கி ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு நீண்ட ஓட்டத்திலும் குறிப்பிடத்தக்க பின்தங்கல் இல்லை! ஆற்றலோடு நேர்விகிதத்தில் வேகம் மாறும் என்ற கொள்கைகளுக்கு அது கடுமையான கட்டுப்பாடு விதித்தது.

ஆக, சமச்சீர் இதுவரை எல்லாச் சோதனைகளிலும் தேறியிருக்கிறது. ஆனாலும் கேள்வி முடியவில்லை. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் படி, நம் கணிதப் புத்தகத்தின் அணிகள் பாடத்திலேயே இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அதை மூட்டை கட்டிவிடாதீர்கள்!