வெற்றிக்கு முன்னே ஒரு தவம்

தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் நெய்வேலி டவுன்ஷிப்பின் எந்த பிளாக்கில் நடந்தாலும் ஒரே பேச்சுத்தான் காதில் விழும். பிளஸ் டூவில் என்ன மார்க், நீட்டில் எவ்வளவு, அப்ரண்டிஸ் லிஸ்டில் பெயர் வந்ததா, நிரந்தர வேலை எப்போது கிடைக்கும். பெயர் வந்த வீட்டில், "எல்லாம் பையனின் திறமை" என்கிறார்கள். வராத வீட்டில், "நேரம் சரியில்லை, சிபாரிசு இல்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் ஒரு குறை உண்டு. வெற்றிக்கு நாம் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. தோல்விக்கு நம்மைத் தவிர மற்ற எல்லாமே காரணம் என்பதும் சரியல்ல. எது என் பங்கு, எது என் பங்கு இல்லை என்று பிரித்தறிந்து, என் பங்கை முழுமையாக ஏற்பதே பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்க மனத்தை எப்படிப் பக்குவப்படுத்துவது என்பதே இந்தப் பாடம்.

1. நம் ஊர் மண் சொல்லும் பாடம்

நெய்வேலி எப்படி உண்டானது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கியபோது நீரோடு கருநிறப் பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. ஆனால் கண்டவுடன் கைக்கு வந்துவிடவில்லை. ஆய்வுகளும் சோதனைகளும் பல ஆண்டுகள் நடந்தன. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படுகை முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். மறு ஆண்டு, 1962-இல், சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட அனல் மின்நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

1957-க்கும் 1961-க்கும் நடுவே நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டும் அங்கே வேலை செய்தவர்கள் ஒரு கூடை நிலக்கரியைக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் அள்ளியது எல்லாம் மேல்மண். அதுவும் சாதாரண மண் அல்ல. கடலூர் மணற்பாறை என்று சொல்லப்படும் கடினமான படிவம். ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய வாளிச்சக்கர எந்திரங்களின் பற்களையே அது தேய்த்துவிட்டது. அந்தப் பற்களை மாற்றி மாற்றித்தான் தோண்டினார்கள்.

மேலே இந்தத் தடை என்றால் கீழே இன்னொன்று. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் ஊற்று நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து நீரை இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பொங்கிவிடும். ஆகவே நிலக்கரியை எடுப்பதற்கு முன்பே நீரை இறைக்கத் தொடங்கினார்கள். அந்த இறைப்பு இன்றுவரை இரவு பகலாக நடக்கிறது. இன்றைக்கும் ஒரு டன் நிலக்கரி வேண்டுமென்றால் ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும்.

அன்பர்களே, 1958-இல் அந்தப் பள்ளத்தின் கரையில் நின்ற ஒருவர், "வெறும் மண்ணைத்தானே அள்ளுகிறார்கள், பயன் என்ன?" என்று கேட்டிருக்கலாம். நம் பிள்ளை ஆறு மாதம் படித்து மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறாதபோது நாமும் அப்படித்தான் கேட்கிறோம். மேல்மண் அகலும் காலமும் வெற்றியின் காலம்தான். அது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

2. அய்யாவின் தவம் காட்டும் வழி

இந்த உண்மையை அய்யா வைகுண்டர் தம் வாழ்வால் முன்பே காட்டிவிட்டார். கொல்லம் 1008 மாசி 20 (1833) அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்துத் தெச்சணம் வந்த அய்யா, உடனே ஊர் ஊராகப் புறப்பட்டுப் போதிக்கவில்லை. சாமிதோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில். அடுத்த இரண்டு ஆண்டு சம தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில்.

இந்த வரிசையை மனத்தில் நிறுத்துங்கள். பீடம் முதலில் வரவில்லை, குழிதான் முதலில். அய்யாவுக்குத் தவம் தேவையா என்று கேட்டால், நமக்கு வழி காட்டுவதற்காக அய்யா அதை ஏற்றார் என்பதே பதில். நாமோ குழியில் இறங்காமலே பீடத்தில் அமர ஆசைப்படுகிறோம்.

பின்னர் அரசு அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாட்கள் வைத்தபோதும் அவர் நிலை குலையவில்லை. சோதனை வருமுன்பே பக்குவப்பட்ட மனம் சோதனையில் கலங்காது. சோதனை வந்த பிறகு பக்குவம் தேடுகிறவன் தாமதித்துவிட்டான்.

3. துவையல் தவசு: கையில் இருப்பதிலிருந்து தொடங்கு

அந்தக் காலத்தில் நம் முன்னோர் பட்ட பாடு நாம் அறிந்ததே. தலைக்கு வரி, பனையேறும் தொழிலுக்கு வரி, கூலியில்லா ஊழியம். ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. இவற்றில் ஒன்றைக்கூட அந்த ஏழை மக்கள் ஒரே நாளில் மாற்றியிருக்க முடியாது.

அய்யா எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். நாளும் மூன்று வேளை நீராட வேண்டும், உடையைத் துவைக்க வேண்டும், ஒரு வேளை உண்ண வேண்டும். பின்பு முட்டப்பதியிலும் அது தொடர்ந்தது. அரசன் போட்ட வரி அவர்கள் கையில் இல்லை. உடுத்த துணி அவர்கள் கையில் இருந்தது. கையில் இருந்ததை முழுமையாகச் செய்தார்கள். "நாங்கள் அழுக்கானவர்கள் அல்ல, தாழ்ந்தவர்கள் அல்ல" என்ற எண்ணம் அந்தத் துவையலில் உள்ளத்தில் ஊன்றியது. மானத்தோடு தலைப்பாகை கட்டி அய்யாவை வணங்கும் கூட்டம் அப்படித்தான் உருவானது. துணியின் அழுக்கோடு மனத்தின் அச்சமும் போயிற்று.

4. பொறுப்பு வேறு, பழி வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. "எல்லாம் உன் பொறுப்பு" என்று சொல்லி, துன்பப்படுகிறவன் தலையிலேயே எல்லாப் பழியையும் ஏற்றுவது அய்யாவின் வழி ஆகாது. வரியால் நசுங்கிய மக்களைப் பார்த்து, "உங்கள் குற்றம்தான்" என்று அய்யா சொல்லவில்லை. கலி நீசனின் கொடுமையைக் கொடுமை என்றே சொன்னார். அதே வேளையில் அந்த மக்களைச் சோர்ந்து உட்காரவும் விடவில்லை.

நம் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் பிளாக்குகளும் சுரங்கங்களும் பல கிராமத்தார் பயிர் செய்த நிலங்கள். நிலம் கொடுத்த குடும்பம் தன் வாழ்வாதாரத்துக்காகக் குரல் கொடுத்தால், அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதல்ல. தன் பொறுப்பைச் செய்வது. ஒப்பந்தத் தொழிலாளி நியாயமான கூலி கேட்பதும் அப்படியே. பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இல்லாத இடத்தில், "இதைச் சரிசெய்த பிறகே இறங்குவேன்" என்று சொல்லும் தொழிலாளி தன் உயிருக்கும் உடன் நிற்பவர் உயிருக்கும் பொறுப்பேற்கிறான்.

ஆகவே எந்தக் கஷ்டம் வந்தாலும் அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, என் கையில் இருப்பது. இதை நானே செய்ய வேண்டும்; இன்றே செய்ய வேண்டும்.

இரண்டாவது, பலர் கூடிச் செய்ய வேண்டியது. இதற்குக் குடும்பத்தோடும் உடன் உழைப்போரோடும் சேர வேண்டும். தனியே சுமந்து நொந்துபோகக்கூடாது.

மூன்றாவது, யார் கையிலும் இல்லாதது. இதை அய்யாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரவெல்லாம் மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். சில மதிப்பெண்ணில் இடம் போய்விட்டது. இந்த ஆண்டு போட்டி கடுமை; அது அவன் கையில் இல்லை, மூன்றாவது வகை. வேதியியலில் இரண்டு பாடங்களைத் தொடாமலே விட்டான், இரவு பதினொரு மணிக்கு மேல் கைப்பேசி பார்த்தான். இவை முதல் வகை. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்க வேண்டும், அவன் படிக்க வேண்டும், தங்கை டிவி பார்க்க வேண்டும், இருப்பதோ சிறிய குவார்ட்டர்ஸ். இது இரண்டாவது வகை. குடும்பம் கூடிப் பேசி நேரம் வகுத்தால் தீரும். இப்படிப் பிரிக்காமல், "என் தலையெழுத்து" என்றால் மூன்றும் ஒரே பாரமாகி அவனை அழுத்தும். பிரித்துவிட்டால் அவன் தூக்க வேண்டியது இரண்டு பாடமும் ஒரு கைப்பேசியும்தான்.

5. பள்ளியறைக் கண்ணாடி

நம் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. உன்னுள் இறைவன் இருக்கிறான் என்பது அதன் பொருள் என்று நாம் அறிவோம். அதோடு இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க யாரும் கண்ணாடி முன் நிற்பதில்லை. நெற்றியில் நாமம் கோணலாக இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை; நெற்றியில் கை வைக்க வேண்டும்.

உன்னுள் இறைவன் இருக்கிறான் என்றால் உன்னை இழிவாகப் பேச உனக்கே உரிமை இல்லை. "எனக்குப் படிப்பு வராது", "நான் எதற்கும் உதவாதவன்" என்ற சொற்களைப் பிள்ளைகள் சொல்லவும் விடாதீர்கள். கோபத்தில் நீங்களும் சொல்லாதீர்கள். தலைப்பாகை கட்டிய தலை தன்னைத் தானே தாழ்த்தக்கூடாது.

6. மனத்தைத் தயார் செய்யும் முறை

தகடு, தாயத்து, பலி, நேர்ச்சை இவற்றால் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணத்தை அய்யா விலக்கினார். காணிக்கை கொடுத்துத் தேர்வில் தேற முடியாது. நாம் செய்யத்தக்கவை வேறு.

அ. ஷிப்டு எதுவானாலும் ஒரு நேரம். முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறும் வாழ்வில் கடிகார நேரம் நிலைக்காது. எழுந்து குளித்து நாமமிட்டதும் கால் மணி நேரம் அமைதியாக இருப்பது என்று வைத்துக்கொண்டால் எந்த ஷிப்டிலும் அது நிலைக்கும்.

ஆ. தடையையும் சேர்த்து நினையுங்கள். கேப்ரியல் எட்டிங்கன் என்னும் உளவியல் பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வெற்றி பெற்றுவிட்டதாகவே கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள் உழைப்பில் தளர்ந்தார்கள். விருப்பத்தையும் அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்து எண்ணி, தடை வந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்தவர்கள் மேலாகச் செய்தார்கள். மேல்மண் எவ்வளவு, ஊற்று நீர் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே நம் சுரங்கமும் தோண்டப்பட்டது.

இ. இறைப்பதை நிறுத்தாதீர்கள். நிலக்கரி கிடைத்துவிட்டது என்று ஊற்று நீர் இறைக்கும் பம்பை யாரும் நிறுத்துவதில்லை. கோபம், பொறாமை, சோம்பல் ஆகியவையும் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருப்பவை. வேலை கிடைத்த பின்பு, பதவி உயர்ந்த பின்பு வழிபாட்டை விட்டவர்கள் கதி என்ன ஆனது என்று நாம் பார்த்திருக்கிறோம்.

ஈ. இரவில் ஒரு கணக்கு. படுக்கும் முன் இன்று என் கையில் இருந்ததில் எதைச் செய்தேன், எதை விட்டேன் என்று எண்ணுங்கள். விட்டதற்காக அழ வேண்டாம். நாளைக்கு எத்தனை மணிக்குச் செய்வேன் என்று முடிவு செய்யுங்கள்.

7. வெற்றி யாருக்கு?

இங்கே பிறக்கும் மின்சாரம் நெய்வேலியோடு நிற்பதில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம் என்று பல இடங்களில் முகம் தெரியாதவர் வீட்டில் விளக்காக எரிகிறது. வெட்டிய இடத்திலேயே கிடந்தால் நிலக்கரி கறுப்புக் கல்தான்.

நம் வெற்றியும் அப்படியே. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா நமக்கு வகுத்தார். எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க முத்திரிக் கிணற்றை அமைத்தார். தேர்வில் தேறிய அக்கா, பக்கத்து வீட்டில் தோற்ற தம்பிக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அது தர்மம். நிரந்தரம் ஆன அண்ணன், ஒப்பந்தத்தில் இருக்கும் தம்பியின் கோரிக்கைக்குத் துணை நின்றால் அது தர்மம். அந்த நோக்கத்தோடு உழைப்பவன் தோற்றாலும் உடைய மாட்டான். வென்றாலும் தலைகனக்க மாட்டான்.

சிந்திக்க:

1. இப்போது உங்களை வருத்தும் ஒரு காரியத்தை மூன்று வகையாகப் பிரியுங்கள். உங்கள் கையில் இருப்பது எது?

2. நம் வீட்டுப் பிள்ளை படிக்க நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது என்ன?

3. நீங்கள் இன்று அள்ளிக்கொண்டிருக்கும் "மேல்மண்" எது? அதைப் பாதியில் விட்டுவிடத் தூண்டுவது எது?

4. உங்கள் வெற்றியின் வெளிச்சம் யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

அடுத்த ஞாயிறு பணிவிடைக்குப் பின் இவற்றைக் குடும்பமாகக் கூடிப் பேசுங்கள். பிள்ளைகள் முதலில் பேசட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். பொறுமையும் பொறுப்பும் அய்யா நமக்கு அருள வேண்டிக்கொள்வோம்.

அய்யா உண்டு!